ஏற்காட்டில் ஒரு பிஎஸ்ஏ எம்20: புதுப்பித்த ராணுவ பைக்கில் எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்?

அடிவாரம் ரைடர்:

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் பிஎஸ்ஏ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எம்20 மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வந்திருக்கிறது. 500 சிசி, சைடு வால்வ், முன்னால் கர்டர் ஃபோர்க் (இணைப்புத் தண்டுகளும் ஸ்பிரிங்கும் வைத்த பழைய பாணி), பின்னால் சஸ்பென்ஷனே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்தது, 1942 மாடல் என்கிறார் உரிமையாளர். முழுசாகப் புதுப்பித்து, பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்து, டேங்கில் வெள்ளையில் ராணுவ எண்ணும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகிறது. சத்தம் அருமை.

"நட்டு போல்ட் வரைக்கும் ஒரிஜினல், மேட்சிங் நம்பர்" என்று சொல்லி, அதற்கேற்ற விலையும் கேட்கிறார். எனக்கு புல்லட் பரிச்சயம் உண்டு, ஆனால் இந்த வண்டியில் ஆனா ஆவன்னா தெரியாது. அடுத்த வாரம் மறுபடி போய்ப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். கையில் ஒரு டார்ச்சும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எதையெல்லாம் கண்டுபிடிக்க முடியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு:

தம்பி, நல்ல வண்டியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். போர்க்காலத்தில் சுமார் 1,26,000 எம்20 செய்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் வாங்கிய மோட்டார் சைக்கிள்களில் மிக அதிக எண்ணிக்கையில் வந்தவற்றில் இதுவும் ஒன்று. அதனால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. அதே காரணத்தால்தான் டூப்ளிகேட்டும் நிறைய இருக்கிறது.

முதலில் "மேட்சிங் நம்பர்", அதாவது இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒன்று என்ற பேச்சை ஓரமாக வையுங்கள். ராணுவப் பட்டறையில் வண்டி பழுதுக்கு வந்தால் இன்ஜினை இறக்கி ஒரு பக்கம் வைப்பார்கள், சேஸிஸ் இன்னொரு பக்கம் போகும். தயாராக இருக்கும் வேறு இன்ஜினை ஏற்றி வண்டியை அனுப்பிவிடுவார்கள். போர் நடக்கும்போது எந்த இன்ஜின் எந்தச் சேஸிஸில் இருந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே எண் வேறு வேறாக இருந்தால் அது குறை ஆகாது. இரண்டு எண்ணும் அழகாக ஒன்றுபோல் இருந்தால்தான் நான் டார்ச்சைக் கிட்டே கொண்டு போவேன்.

இன்ஜின் எண், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது இடது பக்கம் வரும் கிராங்க்கேஸில் சிலிண்டருக்குக் கீழே இருக்கும். சேஸிஸ் எண், ஹேண்டில்பார் தண்டு இறங்கும் தலைக்குழாயில் இடது பக்கம். போர்க்கால வண்டிக்கு முன்னெழுத்து டபிள்யூ எம் 20. போருக்கு முந்தைய 1939 வண்டிக்கு கே எம் 20. போர் முடிந்த பின் வந்தவை எக்ஸ் எம், 1948-க்கு ஒய் எம், 1949 முதல் இசட் எம். இன்ஜினில் எக்ஸோ இசட்டோ இருந்தால் அது ராணுவ இன்ஜின் அல்ல, போருக்குப் பின் பொதுமக்களுக்கு விற்ற வண்டியின் இன்ஜின். அதை இறக்கி இதில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எண்ணைப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள், எண் இருக்கும் இடத்தையும் படியுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் படுத்தாற்போல் அடியுங்கள். வார்ப்பு உலோகத்தின் மேற்பரப்பில் மணல் பதிந்த சொரசொரப்பு இருக்கும். எண் இருக்கும் பட்டையைச் சுற்றி அந்தச் சொரசொரப்பு திடீரென்று நின்று, கிரைண்டர் போன கோடு ஒரே திசையில் தெரிந்தால், பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாகப் பஞ்ச் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா, 3-ம் 8-ம் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று மற்ற எம்20 படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புல்லட் பிரியன்:

அண்ணா, ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒருவர் ராணுவ ஏலத்தில் எடுத்த புல்லட் வைத்திருக்கிறார். அதில் மேல்நோக்கிய அம்புக்குறி, அப்புறம் இரண்டு இலக்க வருடம், ஒரு எழுத்து, எண் என்று பழைய பிளேட் அப்படியே இருக்கிறது. எம்20 டேங்கில் எழுதியிருப்பதும் அதே முறையா?

பழைய இரும்பு:

இல்லை தம்பி. நீங்கள் சொல்வது சுதந்திர இந்திய ராணுவத்தின் முறை. அம்புக்குறிக்கு அடுத்து வருவது வண்டி வாங்கிய வருடம். பிரிட்டிஷ் ராணுவ மோட்டார் சைக்கிளில் டேங்கின் பக்கவாட்டில் சி என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து எண்ணும் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். பெயிண்டில் எழுதியது என்பதைக் கவனியுங்கள். புதுப்பித்த வண்டியில் அது யார் வேண்டுமானாலும் எழுதலாம். படத்தில் பார்த்துப் பிடித்த எண்ணை எழுதிக்கொள்பவர்கள் நிறையப் பேர். "இந்த எண் எங்கிருந்து கிடைத்தது" என்று உரிமையாளரிடம் கேளுங்கள். பழைய பெயிண்டைத் தண்ணீர்த் தாளால் மெதுவாகத் தேய்க்கும்போது அடியில் தெரிந்தது என்றால் அதற்குப் படம் எடுத்து வைத்திருப்பார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பளபளவென்று பச்சை என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பச்சை?

அடிவாரம் ரைடர்:

புல்லட்டில் வரும் ராணுவப் பச்சை மாதிரிதான் இருக்கிறது அண்ணா. வெயிலில் முகம் தெரிகிறது.

பழைய இரும்பு:

அப்படியென்றால் அது புதுப்பித்தவர் ஆசைப்பட்டு அடித்த பெயிண்ட். ராணுவ வண்டி பளபளக்கவே கூடாது, விமானத்திலிருந்து பார்த்தால் மின்னும். போர் தொடங்கியபோது அடித்தது காக்கிப் பச்சை 3 என்ற நிறம். 1942 வாக்கில் எஸ்சிசி 2 என்ற பழுப்பு வந்தது. அப்புறம் 1944-லிருந்து எஸ்சிசி 15 என்ற ஆலிவ் பச்சை. எல்லாமே மங்கலான மேற்பரப்பு. உண்மையிலேயே 1942 வண்டி என்றால் தொழிற்சாலையிலிருந்து பழுப்பாக வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பலரும் ராணுவம் என்றாலே பச்சை என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள்.

பெயிண்ட்காரருக்குக் கை எட்டாத இடங்கள் உண்டு. டூல் பாக்ஸின் உள்பக்கம், டேங்குக்கு அடியில் சட்டத்தின் மேல் குழாய் போகும் பள்ளம், மேக்டைனோவை (மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்த மின்சாரப் பாகம்) கட்டியிருக்கும் பட்டையின் கீழ்ப்பக்கம், சீட் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம். ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பாருங்கள். பழுப்போ பழைய பச்சையோ ஒரு விரல் அகலம் கிடைத்தாலும் போதும். புது பெயிண்ட் முழுவதையும்விட அந்த ஒரு விரல் அகலத்துக்கு மதிப்பு அதிகம். தயவுசெய்து அதன்மேல் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

லேத் பட்டறை:

நான் பெயிண்ட் பார்ப்பதில்லை, மரையைத்தான் பார்ப்பேன். சேலத்தில் லேத் வைத்திருப்பதால் இந்த மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டிகள் அவ்வப்போது கைக்கு வரும்.

எம்20-இல் பெரும்பாலும் சைக்கிள் மரை என்று சொல்லும் பிரிட்டிஷ் மரை இருக்கும். அங்குலத்துக்கு 26 பல், 60 டிகிரி கோணம். சில இடங்களில் பிஎஸ்எஃப், அது விட்வொர்த் குடும்பம், 55 டிகிரி. மெட்ரிக் போல்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் புதுப்பித்த வண்டிகளில் நான் அதிகம் பார்க்கும் கொடுமை என்ன தெரியுமா? 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர். எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் சைக்கிள் மரையின் பல் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, எம்8-க்கு 1.25. கடையில் பழைய போல்ட் கிடைக்கவில்லை என்று எம்8 டேப்பை உள்ளே ஓட்டிவிடுகிறார்கள். போல்ட்டை மாற்றினால் பரவாயில்லை, மறுபடி மாற்றிக்கொள்ளலாம். வார்ப்பில் இருந்த மரையே போய்விட்டால், புஷ் போட்டு அடைத்துத் திரும்ப மரை எடுக்க வேண்டும்.

பிரிக்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால் மெட்ரிக், பேச்சே வேண்டாம். எண் எதுவும் இல்லையென்றால் 13 எண் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்தால் சந்தேகப்படுங்கள். மட்கார்டு ஸ்டே, கேரியர், ஃபுட்ரெஸ்ட் பக்கம்தான் முதலில் பாருங்கள், அங்குதான் போல்ட் அதிகம் தொலையும்.

இன்னொன்றும் சொல்கிறேன், பழைய இரும்பு அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு வண்டி ஓட வேண்டும். ஓட்டை விழுந்த ஒரிஜினல் டேங்கைவிடக் கசியாத டூப்ளிகேட் டேங்க் மேல். இருபது கொண்டை ஊசி ஏறும்போது கீழே சூடான இன்ஜின் இருக்கிறது, மேலே பெட்ரோல் இருக்கிறது. அதையும் யோசிக்க வேண்டும்.

பழைய இரும்பு:

கோபமே இல்லை. டூப்ளிகேட் டேங்க் போட்டு ஓட்டுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் "இது டூப்ளிகேட்" என்று சொல்லி விற்க வேண்டும், அதற்கேற்ற விலை வாங்க வேண்டும். ஒரிஜினல் டேங்க் ஓட்டையாக இருந்தாலும் பரணில் பத்திரமாக இருக்க வேண்டும். என் சண்டை பொய் சொல்லி விலை ஏற்றுவதோடுதான்.

டேங்க் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எம்20-க்கு டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ், ஹெட்லைட் கிண்ணம் எல்லாம் நம் நாட்டிலேயே நகல் செய்து வெளிநாட்டுக்குக்கூடப் போகிறது. சிலவற்றில் வேலை உண்மையிலேயே நன்றாக இருக்கும். டேங்கை வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், அடியைப் பாருங்கள். தகடு சேரும் விளிம்பில் வெல்டிங் தடம் சீராக இருக்கிறதா, அல்லது மேடு பள்ளமாக வைத்துக் கிரைண்டரில் தேய்த்துப் பட்டி பூசியிருக்கிறதா? ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி டேங்க் முழுக்க நகர்த்துங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிப்பு தளரும்.

காபித் தோட்டம்:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் ஏற்காட்டில் எஸ்டேட் குடும்பத்தில் பிறந்தவள், வண்டி நுட்பம் தெரியாது. ஆனால் மலையின் ஈரம் தெரியும், அதைப் பற்றி ஒரு வார்த்தை.

இங்கே கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். மழைக் காலத்தில் மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வரும். எங்கள் வீட்டில் பழைய தையல் மெஷின், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷினின் இரும்புச் சக்கரம், தாத்தாவின் துப்பாக்கிப் பெட்டி எல்லாவற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி துரு குழி விழுந்திருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வைத்தும் அப்படித்தான். அந்த வண்டி பல வருடம் இந்த மலையில்தான் நின்றது என்று சொல்லிவிட்டு, மட்கார்டின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் யோசியுங்கள். மேலே பட்டி பூசலாம். அடியில் யாரும் அவ்வளவு சிரமப்படமாட்டார்கள்.

அப்புறம் இங்கே எந்த எஸ்டேட்டிலும் பழைய சாமானைத் தூக்கிப் போடும் வழக்கம் கிடையாது. கீழே சேலத்துக்குக் கொண்டு போய்ப் போடுவதே ஒரு செலவு. ஸ்டோரின் பரணிலோ டிராக்டர் ஷெட் மூலையிலோ ஒரு சாக்கு மூட்டை இருக்கும். வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். முதலாளிக்கு ஞாபகம் இருக்காது, டிரைவருக்கு இருக்கும்.

பழைய இரும்பு:

அம்மா, இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல யோசனை உங்களுடையது. புதுப்பிக்கும் முன் எடுத்த படங்களும் கழற்றிய சாமான் மூட்டையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மூட்டையைக் கேளுங்கள்.

ஆர்சி புக்:

பேப்பர் விஷயத்தையும் பேசிவிடுவோம். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனத்துக்குத் தனிப் பதிவு கொண்டு வந்தார்கள். முதல் பதிவு தேதியிலிருந்து 50 வருடத்துக்கு மேல் ஆன இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குப் பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண் பலகையில் மாநில எழுத்துக்கு அடுத்து விஏ என்று வரும்.

இதில் உங்களுக்கு முக்கியமானது ஒன்று. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் ஒரிஜினல் வடிவில் வைத்திருக்கும் வாகனம் என்பதுதான் அந்த விதியின் அடிப்படை. ஆக ஒரிஜினல் என்பது சட்டத்துக்கும் வேண்டும். விஏ எண் வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். வாராவாரம் ஏற்காடு ஏறும் எண்ணம் இருந்தால், பழைய ஆர்சி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து அதையே தொடர்வது நல்லது.

பணம் கொடுக்கும் முன் ஆர்சியில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஓ அலுவலகத்திலும் அதைத்தான் கேட்பார்கள். ஆர்சியில் ஒன்றும் வண்டியில் ஒன்றும் இருந்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

பழைய இரும்பு:

பென்சில் அச்சு இன்னொரு வேலைக்கும் ஆகும். பிரிட்டனில் உள்ள விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் பிஎஸ்ஏ தொழிற்சாலையின் அனுப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் உங்கள் எண்ணைத் தேடி எப்போது வெளியே போனது என்று சொல்வார்கள். உரிமையாளர் 1942 என்று சொல்வது சரியா என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மேட்சிங் பற்றிப் பேச வேண்டுமானால் அந்தப் பதிவேட்டை வைத்துப் பேசலாம்.

நேரில் போகும்போது மின்சாரப் பாகங்களையும் விட்டுவிடாதீர்கள். லூகாஸ் மேக்டைனோவில் மாதமும் வருடமும் சின்னதாகப் பஞ்ச் அடித்திருப்பார்கள். 1942 வண்டியில் 1943 மேக்டைனோ இருந்தால் ராணுவத்திலேயே மாற்றியிருக்கலாம், அது வண்டியின் வரலாற்றைச் சேர்ந்தது. 1950-களின் தேதி இருந்தால் பின்னால் யாரோ போட்டது. கார்பரேட்டர் அமால் 276 வகை, மிதவைக் கிண்ணம் தனியாகப் பக்கத்தில் தொங்கும். உடலில் எண் பஞ்ச் அடித்திருக்கும்.

ஸ்பீடோமீட்டர் ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக். அதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரிஜினலில் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, உள்ளே கடிகாரம் மாதிரி அமைப்பு இருப்பதால் விட்டு விட்டுத் தாவி ஏறும். முள் சீராக ஏறினால் பழைய முகப்புக்குப் பின்னால் புது மெஷின் இருக்கிறது.

கைப்பிடியையும் ஃபுட்ரெஸ்ட்டையும் பாருங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மலாயா ரப்பர் பிரிட்டனுக்குக் கிடைக்காமல் போயிற்று. ரப்பரை மிச்சம் பிடிக்க ஹேண்டில்பார் கைப்பிடியைக் கேன்வாஸில் செய்தார்கள், ஃபுட்ரெஸ்ட்டை வெறும் இரும்பில் செய்தார்கள். பார்க்க மோசமாக இருக்கும், கைக்கும் சுகமில்லை. அதனாலேயே புதுப்பிப்பவர்கள் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். போரின் முகம் அந்த வண்டியில் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

புல்லட் பிரியன்:

டயர் அளவும் பார்க்க வேண்டுமா அண்ணா?

லேத் பட்டறை:

3.25-19 தான், இரண்டு பக்கமும். பழைய புல்லட்டுக்கும் அதே அளவு. அதனால் டயர் எங்கும் கிடைக்கும், புல்லட் ரிம்மையும் சுலபமாகப் போட்டுவிடுவார்கள். ரிம்மில் குரோம் பளபளத்தால் அது ராணுவ ரிம் இல்லை. ராணுவ வண்டியில் ரிம்முக்கும் பெயிண்ட்தான்.

கர்டர் ஃபோர்க்கையும் ஆட்டிப் பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் இணைப்புத் தண்டுகளில் தேய்மானம் இருந்தால் டக் டக்கென்று கைக்குத் தெரியும். குழாய்க்குள் குழாய் இறங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் எம்20-க்கு 1948-இல்தான் வந்தது. கர்டர் இருக்கிறது என்பதால் மட்டும் அது அந்த வண்டியோடு பிறந்தது என்று சொல்ல முடியாது. வளைந்ததைச் சூடு காட்டி நிமிர்த்தியிருந்தால் குழாயின் ஓரத்தில் சுருக்கம் இருக்கும், பெயிண்டுக்கு மேலே விரலை வைத்துத் தடவினாலே பிடிபடும்.

அடிவாரம் ரைடர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டுமே டபிள்யூ எம் 20. ஆனால் எண்கள் வேறு வேறு. "மேட்சிங்" என்று சொன்னது, இரண்டிலும் ஒரே முன்னெழுத்து இருப்பதை வைத்துத்தான் என்று தெரிந்தது. உரிமையாளர் வேண்டுமென்று பொய் சொன்னதாகத் தோன்றவில்லை, புதுப்பித்துக் கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். இரண்டு எண்ணைச் சுற்றியும் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது, கிரைண்டர் கோடு எங்கும் இல்லை. ஆர்சியில் இருக்கும் எண்களும் எழுத்து எழுத்தாகச் சரியாக இருக்கின்றன. பென்சில் அச்சு எடுத்துக்கொண்டேன்.

மேக்டைனோவின் தேதி 1943. கார்பரேட்டர் அமால் 276 தான். டேங்கின் அடியில் கிரைண்டர் தடமும் பட்டியும் இருந்தன, காந்தம் இரண்டு இடத்தில் பிடிக்கவே இல்லை. மட்கார்டு இரண்டும் அடிப்பக்கம் வழவழ, துரு குழி ஒன்றுகூட இல்லை. ரிம் குரோம். பின் மட்கார்டு ஸ்டேயில் நான்கு போல்ட்டிலும் 8.8.

உரிமையாளர் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஏரி வரைக்கும் ஓட்டிக் காட்டினார். ஸ்பீடோமீட்டர் முள் அப்படியே வழுக்கிக்கொண்டு ஏறியது.

அப்புறம் மூட்டையைப் பற்றிக் கேட்டேன். முதலில் "எல்லாம் போட்டாச்சு" என்றார். அங்கே நின்ற டிரைவர் அண்ணன்தான் "ஸ்டோர்ல இருக்குதுங்களே" என்றார். மிளகு மூட்டைக்குப் பின்னால் இரண்டு சாக்கு. உள்ளே அடிப்பக்கம் முழுக்க ஓட்டை விழுந்த ஒரு டேங்க், துரு தின்ற முன் மட்கார்டு, கண்ணாடி உடைந்த ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர், பெயிண்ட் உரிந்த ஒரு ரிம், ஒரு டப்பா நிறையப் பழைய போல்ட். இரண்டு இரும்பு ஃபுட்ரெஸ்ட்டும் இருந்தன. கேன்வாஸ் கைப்பிடி ஒன்றுதான் கிடைத்தது, அதையும் எலி கொறித்திருக்கிறது. டேங்கின் பள்ளத்தில் பச்சைக்கு அடியில் பழுப்பு இருக்கிறது, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. பக்கவாட்டில் எழுத்து எதுவும் தெரியவில்லை, துருதான்.

இப்போது என்ன செய்யலாம்?

பழைய இரும்பு:

வாங்குங்கள் தம்பி. சேஸிஸ், இன்ஜின், மேக்டைனோ, கார்பரேட்டர் நான்கும் போர்க்காலத்தவை, எண்களில் யாரும் கை வைக்கவில்லை, பேப்பரும் சரி. இதற்கு மேல் எண்பது வருட ராணுவ வண்டியிடம் கேட்க முடியாது. 1943 மேக்டைனோவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வண்டியே 1943-ஆகவும் இருக்கலாம், பதிவேடு சொல்லிவிடும்.

ஆனால் விலையை "முழு ஒரிஜினல்" கணக்கில் கொடுக்காதீர்கள். டேங்க், மட்கார்டு, ரிம், ஸ்பீடோமீட்டர் ஆகியவை நகல் என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு சாக்கும் வண்டியோடு வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதைத் தனியாகக் கேட்டால் விலை சொல்வார்கள்.

லேத் பட்டறை:

அந்தப் போல்ட் டப்பாவை அப்படியே பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். மரை அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தருகிறேன். மரை போகாத போல்ட்டைக் கழுவி எண்ணெய் போட்டாலே போதும், முலாம் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம். எம்8 டேப் ஓட்டிய ஓட்டைகளைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று சொல்கிறேன். ரிம்மில் துரு எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் ஸ்போக் கட்டக் கூடாது, அதில் உயிர் தொங்குகிறது. தேறாவிட்டால் குரோம் ரிம்முக்கே மங்கலாகப் பெயிண்ட் அடித்து ஓட்டுங்கள்.

காபித் தோட்டம்:

அந்தப் பழைய டேங்கைத் தயவுசெய்து பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கி மிச்சமும் போய்விடும். சேலத்திலேயே வையுங்கள், மலையில் வேண்டாம்.

புல்லட் பிரியன்:

டேங்கின் ஓட்டையை அடைத்து அதையே போட முடியாதா?

பழைய இரும்பு:

முடியும், ஆனால் அடிப்பக்கத் தகட்டை வெட்டிப் புதுசு வைக்க வேண்டும், வெல்டிங் சூட்டில் பள்ளத்தில் இருக்கும் பழுப்பு கருகும். அந்த பெயிண்டை ஒருவர் சரியாக ஆராய்ந்து நிறத்தைப் பொருத்தி எடுக்கும்வரை அந்த டேங்க் அப்படியே இருக்கட்டும். நகல் டேங்கில் ஓட்டட்டும். அதன்மேல் இருக்கும் கற்பனை எண்ணை மட்டும் அழித்துவிடுங்கள்.

அடிவாரம் ரைடர்:

பேசி முடித்தாயிற்று. கேட்ட விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார். எது எது நகல் என்று ஒரு தாளில் அவரே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சாக்கு இரண்டும் வீட்டுக்கு வந்துவிட்டன. ஆர்சி பெயர் மாற்றத்துக்கு மனு போட்டிருக்கிறேன், விஏ எண்ணுக்கு இப்போது போகவில்லை. பதிவேட்டுக்குப் பென்சில் அச்சையும் கட்டணத்தையும் அனுப்பியாயிற்று.

லேத் அண்ணா, சனிக்கிழமை காலையில் போல்ட் டப்பாவோடு வருகிறேன். ஒரு கேள்வி: டப்பாவில் தலை சிறியதாக, கம்பி கட்ட ஓட்டை போட்ட இரண்டு போல்ட் இருக்கின்றன. வண்டியில் அப்படி எதையும் பார்க்கவில்லை. எங்கே வரும் அது?

லேத் பட்டறை:

தலை அளவையும் நீளத்தையும் வெர்னியரில் அளந்து படத்தோடு போடுங்கள். எம்20 போல்ட்தானா, வேறு வண்டியில் இருந்து வந்து டப்பாவில் சேர்ந்ததா என்று முதலில் மரையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரைக்கும் எதையும் டப்பாவிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைக்காதீர்கள்.